சுனைக்குக் கீழே

கம்பு மாவு உருண்டைகளைக் கட்டி வைத்திருந்த துணியைக் காளியாத்தாள் அவிழ்த்துப்போட்டாள். "முடிவாச் சொல்லிப்போடுங்க. நாளைக்குப் போறீங்களா, இல்லீங்களா?"

அவள் புருஷன் அங்கப்பன் தெருவைப் பார்த்தான். சற்றுமுன் வேலிக்கு அப்பால் நின்றே பேசிவிட்டுப் போன சீனிவாசலுவின் சைக்கிள் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை.

கோயமுத்தூருக்கு மேற்கே, கருமுடி மலையடிவாரத்தில் இருந்தது அந்த நூல் மில். சீனிவாசலு அங்கே சூப்பர்வைசர். அங்கப்பன் அவரிடம் பஞ்சு மூட்டை தூக்குகிறவன். ஐம்பத்தெட்டாம் வருஷம் மில் ஆபீசர்கள், கருமுடி உச்சியில் கொடி நடுவதென்று கிளம்பினார்கள். வழி தெரிந்த ஒருத்தர் ஆபீசில் இல்லை. சின்ன வயசில் அப்பனோடு விளக்குமாற்றுப் புல் அறுக்கப் போன அங்கப்பனுக்குத்தான் தெரியும்.

போன மாசம் சீனிவாசலுவும் அங்கப்பனுமாகப் போய் வழி பார்த்துவந்தார்கள். பாதி மலையில் ஒரு சுனை. அதை விட்டால் உச்சிவரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கப்பன் வழக்கம்போல ஒதுங்கி நின்றான். சீனிவாசலுதான் கையைப் பிடித்து இழுத்தார்.

"சாமி கீமின்னெல்லாம் வேண்டாம். அண்ணான்னே கூப்புடு. மலை மேல ஏதுப்பா சாதி?"

இருவரும் ஒன்றாகக் குனிந்து குடித்தார்கள். அன்றைக்கு அங்கப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. உச்சியில் எடுக்கிற போட்டோவில் தானும் நிற்கப்போவதைத் தெருவில் அவன் சொல்லாத ஆளில்லை. போகும் வழியை அவர் வரைபடமாக வரைய, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான், பைத்தியக்காரன்.

இன்று அதே அண்ணன் சொல்லிவிட்டுப் போனது வேறு. அங்கப்பன் விடியுமுன் போய்ப் புதர் வெட்டிவைக்க வேண்டும். சுனையில் அவன் கை படக்கூடாது. தாகமெடுத்தால் கீழே வழிந்தோடும் இடத்தில் குடித்துக்கொள்ளலாம். உச்சிக்கு வர வேண்டியதில்லை. ஆபீசர்கள் முன்னால் அண்ணா என்று கூப்பிட்டு மானத்தை வாங்கக்கூடாது. அவன் வராவிட்டாலும் வழிக்கு அந்த வரைபடம் இருக்கிறதாம்.

"அந்த ஆளை நம்பி ஏமாந்துபோட்டீங்க. போவாதீங்க, எனக்கு வவுறு எரியுது" என்றாள் காளியாத்தாள்.

அங்கப்பன் அவிழ்ந்து கிடந்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"போறேன் அம்மணி. நான் போவாட்டி அந்தச் சுனை அவிங்களுதாயிரும். மாவைக் கட்டு."

மறுநாள் பத்து மணிக்கு எட்டுப் பேர் மூச்சிரைக்கச் சுனைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கப்பன் சொன்னபடி கீழேதான் நின்றான். எல்லோரும் வயிறு முட்டக் குடித்துப் புட்டிகளை நிரப்பிக்கொண்டார்கள். மானேஜர் லட்சுமிநாராயணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்படியொரு தண்ணீரை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்.

"நான்தானுங்க" என்றார் சீனிவாசலு.

அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அங்கப்பனுக்கு அந்த நிமிஷம் விட்டுப்போயிற்று. மேலே ஏறிவந்தான். திங்கட்கிழமை வேலை இருக்காது என்று தெரியும். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்கண்ணா, போன மாசம் நீங்களும் நானும் ஒண்ணாக் குனிஞ்சு இதே சுனையிலதானுங்க குடிச்சோம்? எங்கப்பன் காலத்திலிருந்து புல்லறுக்க வர்றப்ப எங்க தெருவே குடிக்கிற தண்ணிங்க இது."

"பொய் சொல்றான்" என்றார் சீனிவாசலு. முகம் வெளிறிக் கிடந்ததால் ஒருவரும் நம்பவில்லை. ஒருத்தர் பாறையோரம் போய் விரலை விட்டு வாந்தியெடுத்தார். மற்றவர்கள் புட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். தண்ணீரில்லாமல் உச்சிக்கு எப்படிப் போவது? கொடியோடும் கேமராவோடும் எட்டுப் பேரும் இறங்கிவிட்டார்கள்.

அங்கப்பன் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். பிறகு தனியாக உச்சிக்கு ஏறினான். போட்டோ எடுக்கத்தான் ஆளில்லை.

திங்கட்கிழமை கணக்கை முடித்துக்கொள்ள மில்லுக்குப் போனபோது, வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அங்கப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். வழியில் தண்ணீர் கெட்டுப்போய்விட்டதால் மலைப்பயணம் பாதியில் நிறுத்தப்பட்டதாம்.

கையெழுத்து சீனிவாசலுவுடையது.