விட்டுப்போன கண்ணி

சிதம்பரத்தில் இருந்தவரை, தெருவில் நலங்கு என்றால் அமராவதியைத்தான் கூப்பிடுவார்கள். பதினெட்டுக் கண்ணிப் பாட்டை ஒரு மூச்சாகப் பாடுவாள். அறுபத்து நாலாம் வருடம் மஞ்சக்குப்பத்துக் குமாஸ்தா தாண்டவராயனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

அவன் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அடுப்படியில் அவள் பாடினால் நின்று முழுக்கக் கேட்பான்.

"நல்லாத்தான் பாடுற. நடுவுல ஒரு கண்ணிய வுட்டுட்ட."

"இல்லைங்களே."

"சரி, இல்ல. எனக்கென்ன?"

அப்புறம் அவள் பூட்டிய பெட்டி திறந்து கிடந்தது. மாடத்தில் வைத்த எண்ணெய்க் குப்பி கட்டிலடியில் கிடைத்தது. "உங்கம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான ஆச்சு" என்று வாஞ்சையாகத் தலையைத் தடவுவான். மூன்றாம் வருடம் அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே பாடினாள். சில நாள் பதினேழுதான் வந்தது.

அந்த ஆவணியில் தம்பி சபாபதி வந்தான். ஐந்தாம் நாள் அவனுக்குக் கல்யாணம்.

"கெளம்புக்கா. பாட்டுக்கு ஆள் வச்சிக்கலாம்னாரு பெரியப்பா. எங்கக்கா இருக்கசொல்ல எவ பாடுறதுன்னு சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். நாத்தனார் முடிச்சும் நீதான் போடணும்."

அமராவதி சிரித்தபடி புடவைகளை எடுத்து மடித்தாள்.

"தாராளமா இட்டுக்கினு போங்க மச்சான்" என்றான் தாண்டவராயன். "சபையில ஒண்ணு ரெண்டு தவறினாத்தான் என்ன, நம்ம சனந்தானே? எங்க, தம்பி கேக்கட்டும், ஒருவாட்டி பாடு."

பாடினாள். ஏழாவது கண்ணியில் தாண்டவராயன் முழங்கால்மேல் இருந்த கையில் ஒரு விரலை மட்டும் மடக்கினான். அவள் குரல் நின்றது. அடுத்தது எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நல்லாத்தானக்கா பாடின?"

"வேணாம் சபா. ஆளையே வச்சிக்க. முடிச்சுக்குச் சின்னம்மா மவ இருக்கா. நான் வந்தா எதையாச்சும் கெடுத்துப்புடுவேன்."

அவன் கெஞ்சினான், கடைசியில், "இனிமே எனக்கு அக்காவே இல்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

தாண்டவராயன் கதவைச் சாத்தினான்.

"பாவம், ஆசையா வந்தான். கல்நெஞ்சுடி ஒனக்கு. ஏன் போவல?"

அமராவதி நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலைங்க."

"நான் போவாதன்னு சொன்னனா?"

"இல்லைங்க."

"அதையாச்சும் ஞாபகம் வச்சிக்க" என்று சோறு போடச் சொன்னான்.