துருசுக் கை

சனிக்கிழமை காலையில் நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தபோது பானுப்பிரியா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். என் வீட்டுக்காரரின் தம்பி ஈஸ்வரின் மனைவி, எனக்கு ஓரகத்தி. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. “அக்கா, பெரிய ட்ரம்மு எதுவும் இருக்கா? அறுபது லிட்டராவது பிடிக்கணும். தொட்டிக்கு உப்புத்தண்ணி கலக்கணும்” என்றாள். வீட்டில் இரண்டு ட்ரம் இருந்தன. வெள்ளை ட்ரம் குடிதண்ணீருக்கு. நீல ட்ரம் போன மாதம்தான் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்து பின்பக்கச் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்கு இருக்கிறது. செடி அழுகாமல் இருக்க மழைக்கு முன்னாலும் ஆவணியிலும் துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்போம். பன்னிரண்டு வருடமாகக் கரைக்கிறவள் நான்தான், கரைப்பது அந்த நீல ட்ரம்மில்தான். எத்தனை கழுவினாலும் அடியில் வெளிர்நீலமாக ஒரு படிவு நிற்கும். நீல ட்ரம்மில் நீலப் படிவு யார் கண்ணுக்குத் தெரியும்? வெள்ளை ட்ரம்மைக் காலி செய்து கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

“பின்னாடி நீல ட்ரம்மு கெடக்கு, எடுத்துக்க” என்றேன்.

“அதுல என்னக்கா வச்சிருந்தீங்க?”

“தண்ணிதான்.”

சொல்லிவிட்டு மறுபடி உளுந்தைக் கழுவினேன். துருசு என்றால் செம்பு, கடல் தொட்டிக்குச் செம்பு ஆகாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே பானுதான்.

அவள் தூத்துக்குடிக்காரி. மீன் படிப்புப் படித்தவள். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், கடல் இல்லாத ஊரில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, மீனும் பவளமும் எறாலும் விட்டு, மாடி ஹாலில் ஒரு கடலை வைத்துவிட்டாள். நான் யானை இறங்கும் மலையடிவாரத்துத் தேவாரம் ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எனக்கு மூச்சு முட்டியிருந்தால் எதைக் கொண்டுவந்து கட்டியிருப்பேன், யானையையா? யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் முட்டுகிறது என்று சொல்லவில்லை. தொட்டியைத் தெருவே வந்து பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். என் மகள் நிலாவும் பார்க்கப் போனாள், அவள் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் பையைக் கீழே எறிந்துவிட்டு நேரே மாடி. சோறு மாடியில், படிப்பு மாடியில், சிரிப்பும் மாடியில். கீழே வருவது தூங்குவதற்கு மட்டும். முதலில் பேச்சு மாறியது. “சொல்றேன்” என்று இருந்த பிள்ளை ஒருநாள், “இரும்மா, சித்திகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வாரேன்னு சொல்லுதேன்லா” என்றாள். பதினாறு வருடம் நான் பேசிப் பழக்கிய வாயில் தூத்துக்குடி வந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம், பன்னிரண்டு முடித்ததும் தூத்துக்குடிக்கே போய் மீன் படிப்புப் படிக்கப்போகிறாளாம். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சித்தியிடம் சொன்னாள், சித்தி வந்து என்னிடம் சொன்னாள். எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லையென்றால் என் பிள்ளையை எடுத்துக்கொள்வதா என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆவணியில் மருந்தடித்துவிட்டு மெட்டிலிருந்து இறங்கிய ஒரு சாயங்காலம் நானாகவே மாடிக்குப் போனேன். மகளோடு நின்று நாமும் பார்ப்போமே என்றுதான். தொட்டி விளிம்பில் கை வைத்தேன், அவ்வளவுதான். “அம்மா, கைய எடு. துருசுக் கை” என்று நிலா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். என் நகக்கண்களில் அந்த நீலம் எப்போதும் இருக்கும், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. இந்தக் கையால்தானடி உனக்குச் சோறு ஊட்டினேன் என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பானுதான் பதறிப்போய், “கோவிச்சுக்காதீங்கக்கா. செம்பு துளி பட்டாலும் எறாலு, நண்டு, பவளம் எல்லாம் செத்துரும். அதான் பயந்துட்டா” என்றாள். என் மகள் செய்ததற்கு அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். நிலா இழுத்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

இப்போது உப்புத்தண்ணீர் கலக்குவது, தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி வைப்பதற்காக. ரெஃப்யூஜியம் என்று பெயர். ஒரு வாரமாக நிலா கீழே வந்தால் இந்தப் பேச்சுத்தான். மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே மணலும் கல்லும் பரப்பி, நூல்கண்டு சிக்கலானதுபோல் இருக்கும் ஒரு பச்சைக் கடல்பாசியை விடுவார்கள். மீன்களின் கழிவைத் தின்று பாசி வளரும். பாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூச்சிகள் பெருகும். மேலே இருந்தால் அவற்றை மீன்கள் விட்டுவைக்காது. “அதான்மா கீழ வைக்கிறது. அங்கன அதுகள யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அடைக்கலம் மாதிரி” என்றாள். பெருகிய பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். “மோட்டார்ல கொஞ்சங் கொஞ்சமா மேல போகும். மீனு திங்கும்.” நல்ல அடைக்கலம்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இதையே சித்தி சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அன்று முழுக்க மாடியில் ஒரு சின்ன மோட்டார் ட்ரம்முக்குள் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தது. கீழே எனக்குக் கேட்டது. நான் மனசுக்குள் எல்லாவற்றையும் நடத்திப் பார்த்துவிட்டேன். முதலில் அந்தப் பூச்சிகள் சாகும். தண்ணீர் சுற்றி மேலே போனதும் எறால், நண்டு, பவளம். ஏதோ நோய் விழுந்துவிட்டது என்பார்கள். தொட்டி காலியாகும், நிலா கீழே இறங்கி வருவாள். ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலாவே கீழே வந்தாள். “அம்மா, வெரசா வா. நீ வராம ஊத்தக் கூடாதுன்னு வச்சிருக்கோம்.”

“எனக்கு அங்கன என்ன சோலி?”

“நீதான வீட்டுக்கு மூத்தவ. பால் காச்சுனப்பயும் நீதான மொதல்ல ஊத்துன. சித்தி ஊத்துறேன்னுச்சு, நாந்தான் வேணாம்னேன்.”

எங்கள் வீட்டில் அப்படித்தான். புது அடுப்பில் பால் ஊற்றுவதும், தோட்டத்தில் முதல் கன்றுக்குக் குழி தோண்டுவதும் மூத்த மருமகள்தான். மாடி கட்டிக் குடிபோன அன்றும் பானு பால் பாத்திரத்தை என் கையில்தான் கொடுத்தாள். ஆனால் மீன் தொட்டிக்கு அந்த முறையைக் கொண்டுவந்தவள் என் மகள். நான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் படியேறினேன்.

கீழ்த்தொட்டியில் மணலும் கல்லும் பரப்பி, குழாயெல்லாம் மாட்டித் தயாராக வைத்திருந்தார்கள். பக்கத்தில் நீல ட்ரம்மை அடுக்கிய செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பாசி பஸ்சில் பார்சலாக வந்திருந்தது. நிலா அந்தப் பாலிதீன் பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இங்க பாரும்மா” என்றாள். பாசிக்கு நடுவே ரவையைவிடச் சின்னதாக வெள்ளை வெள்ளையாய் என்னவோ துள்ளின. அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் தலை எண்ணெய் வாசனை எனக்கு எட்டி எத்தனையோ நாளாகியிருந்தது. “கைய நல்லாக் கழுவிட்டேன்” என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, நகத்தைப் பார்த்தாள். “அன்னைக்கிக் கத்திட்டேன்ல. மனசுல வச்சுக்காதம்மா” என்றாள். பானு பிளாஸ்டிக் ஜக்கை நீட்டினாள். “மொத ஜக்கு நீங்க ஊத்துங்கக்கா.”

ஜக்கை வாங்கிக்கொண்டு ட்ரம்முக்குள் பார்த்தேன். தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் அந்தப் படிவு பாதி கரைந்தும் கரையாமலும் ஒட்டியிருந்தது. தெரிந்தவள் கண்ணுக்குத்தான் தெரியும். இது துருசு ட்ரம்மு, மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நேற்று பானு கேட்டாள், நான் தண்ணிதான் என்றேன். துருசு ட்ரம்மை நான் மறப்பேன் என்று நிலா நம்பவே மாட்டாள். என் கை இன்னும் அவள் கையின் சூட்டோடு இருந்தது. குனிவதுபோல் குனிந்து, ட்ரம்மில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். செங்கல் நழுவியது. அறுபது லிட்டரும் ஹால் முழுக்கப் பரவி, வாசல் தாண்டி, படிப்படியாகக் கீழே இறங்கிப் போயிற்று.

நிலா பாசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“வேணும்னேதான செஞ்ச.”

“கை தவறிருச்சு ஆத்தா.”

“தவறல. தள்ளுன, நான் பாத்தேன். உனக்குச் சித்தியக் கண்டாப் பொறாமைம்மா.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. நேற்று நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை, இன்றைக்குச் செய்ததைத்தான் பார்த்தாள். நான் ஜக்கைக் கீழே வைத்தேன். அவள் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

பானு ட்ரம்மை நிமிர்த்தினாள். உள்ளே கைவிட்டு மிச்சத் தண்ணீரை வழித்தவள், கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். இரண்டு விரலிலும் களிம்பாக வெளிர்நீலம். விரலோடு விரலைத் தேய்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என் நகங்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. உள்ளேயிருந்து நிலா, “சித்தி, ட்ரம்மக் கழுவிக் கொண்டாங்க. இப்பமே மறுபடி கலக்கிருவோம்” என்றாள். பானு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“இது வேண்டாம் நிலா. விழுந்ததுல அடி விரிஞ்சிட்டு. ஒழுகும்” என்றாள். ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடக்கும்போது, “படியெல்லாம் வழுக்கும்க்கா. பாத்து எறங்குங்க” என்று மட்டும் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். என் மகளிடம் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் சாகும்வரை அவளை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

அவர்கள் வாளி வாளியாக உப்புத்தண்ணீர் கலந்து, அடுத்த வாரமே கீழ்த்தொட்டியை நிரப்பிவிட்டார்கள். முதல் ஜக்கை நிலா ஊற்றினாளாம். என்னோடு அவள் பேசுகிறாள், சோறு போடு, நோட்டு வாங்கணும், அந்த அளவுக்கு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பானு அன்றைக்குப் படிக்குப் பக்கத்தில் வைத்த இடத்திலேயே ட்ரம் வாயைத் திறந்தபடி நிற்கிறது. மொட்டை மாடியிலிருந்து வடியும் மழைத்தண்ணீர் அதில் கொட்டி மூன்று நாளில் விளிம்பு வரை நிரம்பிவிட்டது. மழை விட்டும் இரண்டு நாளாகிறது, ஒழுகும் என்று பானு சொன்ன ட்ரம்மிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. கவிழ்த்துவிடலாம் என்று இரண்டு தடவை அதன் பக்கத்தில் போய் நின்றேன். விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

நிலா தினமும் அதைத் தாண்டித்தான் மாடிக்குப் போகிறாள். இன்றைக்குச் சாயங்காலம் பையைத் தோளில் மாட்டியபடியே ஏறியவள் மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் மேல்படியில் இருக்க, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தளும்பாமல் நிறைந்து நிற்கும் அந்தத் தண்ணீரையே அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.