வியாழக்கிழமைக்குக் கேட்ட மின்சாரம்

மின்பெட்டியின் பெரிய சுவிட்சைக் கியோமி நான்காவது தடவையாக மேலே தள்ளினாள். டக்கென்று ஒலித்தது, வீட்டில் வேறெதுவும் நடக்கவில்லை. அவளுக்குப் பின்னால், காலிக் கூடத்தில், கையுறை போட்ட இரண்டு பேர் அவள் கணவர் யசுனோரியை மெத்தையில் கிடத்திக்கொண்டிருந்தார்கள். மெத்தை சவ அடக்க நிறுவனத்தினுடையது. இவர்களுடைய மெத்தை, அலமாரி, விளக்குகள் எல்லாம் லாரிக்காரர்களின் கிடங்கில் வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தன. இன்று செவ்வாய்.

வியாழன் தையான். ஜப்பானிய நாட்காட்டியில் அதைவிட நல்ல நாள் கிடையாது. முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டி, அறுபத்து நாலு வயதில் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய வீடு, நல்ல நாளில்தான் குடிபோவேன் என்று யசுனோரி ஒற்றைக் காலில் நின்றார். மின்சாரத்துக்கும் அந்தத் தேதியையே கொடுத்தார். வாடகை வீட்டுச் சாவியை நேற்றே திருப்பிக் கொடுத்தாக வேண்டியிருந்தது. நடுவில் மூன்று ராத்திரி கவாகுச்சி ஸ்டேஷனுக்கு எதிரே விடுதி. “தேனிலவுன்னு வெச்சுக்கோயேன்,” என்று சிரித்தார். இன்று காலை அந்த விடுதியின் குளியலறையில் பல் தேய்க்கப் போனவர் விழுந்தார். பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று அடக்கக்காரர் கேட்டபோது, யோசிக்காமல் ஆமாம் என்றாள். எந்த வீடு என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அந்த அடக்கக்காரர், குராமோச்சி, தலைமாட்டில் ஊதுவத்தியை நட்டு, மின்கலத்தில் எரியும் பொய் மெழுகுவத்தி ஒன்றையும் வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

“அம்மா, ஐயா உடம்பைச் சுத்தி உலர்பனிக்கட்டி வெச்சிருக்கேன். ஆனா ஆகஸ்ட் வெயில் பாருங்க. ஏசி ஓடலேன்னா ராத்திரி தாங்காது.”

“கரண்ட் வியாழக்கிழமைதான்.”

“பேசிப் பாருங்க. நான் ஆறரைக்கு வரேன். கரண்ட் வந்துட்டா ஐயா இங்கேயே இருக்கட்டும். வரலேன்னா எங்க குளிரறைக்குக் கொண்டு போயிடறோம். தப்பா நெனைக்காதீங்க.”

“நாளைக்குத் திரும்பக் கொண்டு வருவீங்களா?”

“அங்கேயிருந்து சடங்கு மண்டபந்தாம்மா. அப்புறம் தகனம்.”

அவர்கள் போனார்கள். ஏழாவது மாடியின் வெக்கையில் கியோமி கணவரின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்குள் அவர் இரண்டே தடவைதான் வந்திருக்கிறார். இரண்டு தடவையும் தரகர் கொடுத்த இரவல் செருப்பில், விருந்தாளி மாதிரி, எதையும் தொடாமல் நடந்தார். ஒரு ராத்திரியாவது அவர் இங்கே படுக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

“ரெண்டு நாள் முன்னாடி கரண்ட் வந்தா என்ன, குடியா முழுகிடும்னு கேட்டேனே,” என்று அவரிடம் சொன்னாள். “காதுல வாங்கினீங்களா?”

மின்சார நிறுவனத்தின் தொலைபேசியில் இசை இருபது நிமிடம் ஓடியது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

“இகராஷி யசுனோரிங்கற பேர்ல வியாழக்கிழமைக்கு விண்ணப்பம் இருக்கு மேடம். தேதியை மாத்தணும்னா விண்ணப்பிச்சவரே பேசணும். பக்கத்துல இருக்காரா?”

“இருக்கார்.”

“போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?”

கியோமி அவரைப் பார்த்தாள். முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. “அவரால பேச முடியாது.”

“தூங்கறாரா? எழுந்ததும் கூப்பிடச் சொல்லுங்களேன். எட்டு மணி வரைக்கும் நாங்க இருக்கோம்.”

ஆமாம், தூங்குகிறார் என்று சொல்லிவிட்டால் விண்ணப்பம் அவர் பேரிலேயே இருக்கும், ஆனால் இன்றைக்கு மின்சாரம் வராது. இறந்துவிட்டார் என்ற வார்த்தையை டாக்டர் சொல்லவில்லை, தலையைத்தான் குனிந்தார். அடக்கக்காரரும் ஐயா, ஐயா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அகிதாவிலிருக்கும் கொழுந்தனுக்குச் செய்தி சொன்னதுகூட ஆஸ்பத்திரி நர்ஸ்தான்.

“செத்துட்டார்,” என்றாள் கியோமி. “இன்னைக்குக் காலையில. இங்கதான் படுக்க வெச்சிருக்கு. ஏசி போடணும்.”

அந்தப் பெண் குரலை மாற்றி, எழுதி வைத்துப் படிக்கிற அனுதாபத்தைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை போலிருந்தது. “இப்ப உங்ககூட யாராவது இருக்காங்களா மேடம்?” என்று கேட்டாள்.

“இவர் இருக்கார்.”

“சரிங்க. ஐயா பேர்ல இருக்கறதை ரத்து பண்ணிட்டு, உங்க பேர்ல புதுசாத்தான் போட முடியும். பண்ணிடலாமா?”

விண்ணப்பத்தில் வீட்டுச் சொந்தக்காரர் என்ற கட்டத்தில் தன் பேரை எழுதிவிட்டு, எப்படி இருக்கிறது என்று அந்தத் தாளை அவளிடம் தூக்கிக் காட்டியவர் அவர். “பண்ணுங்க,” என்றாள்.

பேர், பிறந்த தேதி, கதவு எண் எல்லாம் அந்தப் பெண் கேட்டாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் கியோமியின் பேரில் எந்த வீட்டிலும் எதுவும் இருந்ததில்லை. எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது வேறு யார் பேரையோ சொல்வதுபோல் இருந்தது.

“எத்தனை ஆம்பியர் போடட்டும்?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. பழைய வீட்டுல இருபது.”

“ஐயா அம்பது கேட்டிருக்காரு.”

“அம்பதா? எதுக்கு?”

“அது தெரியலீங்களே. ஒரே நேரத்துல நிறைய ஓட்டலாம், அவ்வளவுதான்.”

இருபதில் இரண்டு கருவி சேர்ந்து ஓடாது; குளிர்காலக் காலைகளில் அவள் தலை உலர்த்துகிற கருவியைப் போடும்போதெல்லாம் அவர் கணப்பை அணைத்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருப்பார். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஐம்பது கேட்டிருப்பதை அவளிடம் சொல்லவும் இல்லை.

“வீட்டுல எத்தனை பேர் இருப்பீங்க மேடம்? ஒருத்தர்னா முப்பதே தாராளம்.”

“அவர் கேட்டபடியே போட்டுடுங்க.”

பத்து நிமிடத்தில், வீட்டை விற்றவர்கள் சுவரில் விட்டுச்சென்றிருந்த ஏசி பீப் என்றது. குராமோச்சி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஏசிக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தார், பனிக்கட்டியை மாற்றினார், “நல்லதும்மா. ஐயா இருக்கட்டும்,” என்று வணங்கிவிட்டுப் போனார்.

சன்னலுக்கு வெளியே பொழுது மங்கியது. கியோமி எழுந்து கூடத்துச் சுவிட்சைத் தட்டினாள். வெளிச்சம் வரவில்லை. நடையிலும் வரவில்லை, சமையலறையிலும் வரவில்லை. பதறிப்போய் மறுபடி போனை எடுத்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள். விற்றவர்கள் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்; எல்லோரும் செய்வதுதான். கூரையில் வெறும் மாட்டிகள் மட்டும் இருந்தன. பொய் மெழுகுவத்தி தன்னைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

கழிவறையில் மட்டும் ஒரு பல்பை மறந்துவிட்டிருந்தார்கள். அதைப் போட்டுக் கதவை அகலத் திறந்தாள். வெளிச்சம் நடை வழியாக மெத்தையின் கால்மாடு வரைக்கும் வந்தது. திரும்பி நாலடி வைப்பதற்குள் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தாள், மறுபடியும் சாத்திக்கொண்டது. முட்டுக்கொடுக்க அந்த வீட்டில் ஒரு பொருள் இல்லை. கைப்பையைத் துழாவினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து திரும்ப வேண்டுமே என்று ஆம்புலன்ஸில் எடுத்துப்போன அவருடைய கறுப்பு ஷூக்கள் விடுதித் துண்டில் சுற்றியபடி இருந்தன.

ஒன்றைக் கதவிடுக்கில் செருகினாள். கதவு நின்றது. மற்றதை வாசலுக்குக் கொண்டுபோய், குடியிருப்பவர்கள் வைப்பதுபோல் முனை வெளியே பார்க்கத் திருப்பி, தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.