உப்பில்லாக் கஞ்சி

உப்புச் சட்டியையும் கருவாட்டுப் பானையையும் கோவிந்தம்மா பக்கத்து வீட்டில் கொடுத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. திருவொற்றியூர்க் குப்பத்தில் கருவாடு இல்லாத வீடு அவளுடையது ஒன்றுதான்.

எல்லாம் புருஷன் ராமதாஸுக்காக. சிறுநீரகம் கெட்டு உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது என்றார் ராயபுரத்து டாக்டர். காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. அரைஞாண் கயிறு இடுப்புச் சதைக்குள் புதைந்து கிடந்தது. உப்பு, ஊறுகாய், கருவாடு கூடாது, மீன்கூடக் கொஞ்சந்தான், அரிசிக் கஞ்சியும் சுரைக்காயும் புடலங்காயும் கொடு என்று சொல்லி அனுப்பினார். அவள் அப்படியே செய்தாள். வீக்கம் வற்றவில்லை.

பதினைந்தாம் நாள் டாக்டர் சீறினார்.

"பொய் சொல்லாதேம்மா. உப்பில்லாத சோத்தை எந்த ஆம்பளை பதினஞ்சு நாள் வாய் தொறக்காம தின்னுவான்?"

அவள் அம்மன் மேல் சத்தியம் செய்தாள். அவர் நம்பவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், நீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டால் என் கையில் இல்லை என்றார். டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. ராமதாஸ் சாப்பாட்டைக் குறை சொல்லவே இல்லை. திருட்டுத்தனமாகக் கருவாடு கடிக்கிறானோ என்று அவன் பாயைக்கூட உதறிப் பார்த்தாள்.

கெடு முடியும் நாளுக்கு முன்தினமே ராயபுரத்தில் தங்கை செல்லம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கை கை தவறி உப்புப் போட்டுவிடுவாளோ என்று பயந்து, மறுநாள் காலை கோவிந்தம்மாவே தான் கொண்டுவந்த அரிசியில் கஞ்சி வைத்தாள். ராமதாஸ் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான்.

"இன்னாமே இது, மண்ணு மாரி கீது? உப்பே போடலியா?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு நாளாகப் போடாத உப்பை இன்றைக்குக் கேட்கிறான். திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அரிசி வீட்டு அரிசி. கை அவள் கை. தண்ணீர் மட்டும் செல்லம்மா வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

வழியில் அவன் குடிக்கக் குப்பத்துக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்த கூஜா மூலையில் இருந்தது. குழாய்த் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு அதில் ஒரு மடக்குக் குடித்தாள். கரித்தது. பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர். அதற்கு ஒரு ருசி உண்டென்று இன்றுதான் நாக்குக்குத் தெரிந்தது.

புருஷனை அங்கேயே விட்டுவிட்டுக் கூஜாவோடு டாக்டரிடம் ஓடினாள். பின்னாலேயே செல்லம்மா, அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதென்று தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கம்பவுண்டர் தாமஸ் வரிசையில் நிற்கச் சொன்னதைக் கோவிந்தம்மா காதில் வாங்கவில்லை. கூஜாவை டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"நீ குட்ச்சுப் பாரு சார்."

டாக்டர் தயங்கி ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுளித்தது.

"இதிலேயா சமைச்சே?"

"சமைச்சேன். குடிக்கக் குட்த்தேன். உன் மாத்திரைக்கும் இத்தான் சார் குட்த்தேன்."

அவர் கூஜாவை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, உன் மேல் தப்பில்லையம்மா, அவன் உன் தங்கை வீட்டிலேயே இருக்கட்டும், குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தொடக்கூடாது என்றார்.

அன்றிலிருந்து வேளை தவறாமல் ராமதாஸ் கஞ்சியைத் திட்டினான். தெருவே கேட்டது. கோவிந்தம்மாவுக்கு அது நாதஸ்வரமாக இருந்தது. பதினோராம் நாள் காலை, திட்டிக்கொண்டே எழுந்து நின்றவன் இடுப்பிலிருந்து அரைஞாண் நழுவித் தொடைக்கு இறங்கியது.

திட்டு பாதியில் நின்றது. இருவரும் கயிற்றையே பார்த்தார்கள். கோவிந்தம்மா மண்டியிட்டு அதை மேலேற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இப்ப திட்டுய்யா," என்றாள்.