பங்களாப் புல்லுக்கு நல்ல தண்ணீர்

விடியும் முன்பே குடங்கள் இடுப்பேறிவிட்டன. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பாதம் புதையப் புதைய நடந்து, செசிலியாவும் ராபியாவும் மற்ற பெண்களும் சர்க்கார் பங்களாவுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். யாரும் குடிப்பதற்கல்ல. போன வருஷம் பங்களாவைச் சுற்றி மணலில் தானாகப் படர்ந்திருந்த அடப்பங்கொடியை வேரோடு பிடுங்கி, செம்மண் கொட்டிப் புல் பதித்திருந்தார்கள். எண்பத்து மூன்றின் கோடை அந்தப் புல்லைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

ஊற்று என்பது மணலில் தோண்டிய ஆழமில்லாத குழி. கொட்டாங்குச்சியால் மொண்டுவிட்டு, மறுபடி சுரக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் குப்பத்தில் யாரும் அதில் குடத்தை அமிழ்த்துவதில்லை. குடம் அமிழும் ஆழத்துக்குத் தோண்டினால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். பங்களாவுக்காகத் தோண்டிய இரண்டு ஊற்றுகள் அப்படித்தான் கரித்துப்போயின. குப்பம் குடிக்க மிச்சம் இது ஒன்றுதான்; புல்லுக்கும் இப்போது இதிலிருந்துதான் மொண்டார்கள்.

காண்டிராக்டர் மாசிலாமணி ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"திங்கக்கிழமை பெரிய ஆபீசர் வர்றாரு. இத்தயும் ஆழமாத் தோண்டுங்க. மத்தியானம் தண்ணி எறைக்குற இஞ்சின் வந்துரும்."

யாரும் அசையவில்லை.

"இன்னாம்மே, காது கேக்கலையா?"

"கேக்குது" என்றாள் செசிலியா. "இதுவும் கரிச்சுட்டா குப்பம் எத்தக் குடிக்கும்?"

"அத்தப் பஞ்சாயத்துல கேளு. எனக்குப் பச்சையா இருக்கணும். காண்டிராக்ட்டுல அப்படித்தான் போட்டுருக்கு."

"கொடியும் பச்சையாத்தான இருந்துச்சு. அதுக்கு எவ தண்ணி ஊத்துனா?"

"கொடியப் பார்க்கவா மெட்ராஸ்லருந்து வர்றாங்க?"

"புல்லு மெட்ராஸ்லயே இருக்குதே" என்றாள் ராபியா. பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க. இன்னையோட உங்களுக்கு வேலை இல்ல. காட்டூர் ஆளுங்க தோண்டுவாங்க."

அவர் போனதும் ராபியாவின் சிரிப்பு வற்றியது. ஏரியில் மீன்பாடு இல்லாத மாதம். இந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

"கூலி போச்சேக்கா."

"கூலி போனா வேற வேலை தேடலாம்டி. தண்ணி போனா வேற ஊருதான் தேடணும்."

ராபியா ஊற்றின் விளிம்பில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் இஞ்சினோடு லாரி வந்தது, பின்னாலேயே ஸ்கூட்டரில் மாசிலாமணியும். காட்டூர்ப் பெண்கள் மண்வெட்டிகளோடு இறங்கினார்கள். முன்னால் வந்தவள் கஸ்தூரியம்மாள்.

"தள்ளிக்குங்கம்மா. எங்க பக்கம் வயலெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. சண்டைக்கு வரல, பொழப்புக்கு வந்தோம்."

செசிலியா வாதாடவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல குடிங்க."

இரண்டு பேர் குடித்ததும் குழியில் தண்ணீர் தீர்ந்தது. கஸ்தூரியம்மாள் குனிந்து பார்த்தாள். மணலின் ஓரத்தில் ஈரம் மெல்லக் கசிந்தது.

"இவ்ளோதான் ஊறுமா?"

"இவ்ளோதான். ஊரே இத்தத்தான் குடிக்குது. தோண்டுனா உப்பாயிடும்."

"எதுக்குத் தோண்டச் சொல்றாங்க?"

"பங்களாப் புல்லுக்கு."

கஸ்தூரியம்மாள் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தாள். "கெணறு வெட்டணும்னுதான நைனா கூட்டியாந்தீங்க?"

"கேள்வி கேக்கவா உன்னைக் கூட்டியாந்தேன்? எறங்கித் தோண்டு."

அவள் மண்வெட்டியை மணலில் சாய்த்துவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்தாள். ஒருத்தி முனகினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கருவிகளைக் கீழே வைத்தார்கள்.

"போலீசோட வர்றேன்" என்று மாசிலாமணி ஸ்கூட்டரை உதைத்தார்.

சாயங்காலம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. காட்டூருக்குத் திரும்ப லாரி கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை.

"நகந்து ஒக்காருடி" என்றாள் செசிலியா. ராபியா நகர்ந்து கஸ்தூரியம்மாளுக்கு இடம் விட்டாள். காட்டூர்க்காரர்களில் பாதிப் பேர் இன்னும் குடிக்கவில்லை. குழி ஊறட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.