லேசாக மிதித்தால்

அக்காவும் தங்கையும் ஒரே காரை மாறி மாறி ஓட்டினார்கள். அக்காவுக்குப் பழகிய கை. தங்கைக்கு லைசென்ஸ் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதனால், சரிவில் இருந்த சிக்னலில் கார் ஊர்ந்துபோய் முன்னால் நின்ற வேனில் முட்டியபோது, குற்றவாளி யாரென்று வீட்டில் விசாரணையே நடக்கவில்லை.

பிரேக்கில்தான் கால் இருந்தது, பெடல் தானாகக் கீழே இறங்கியது என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அக்கா அதைத் தன் கணவரிடம் நடித்தே காட்டினாள். அத்தான், செருப்பை மாற்றிப் பார்க்கச் சொல்லிச் சிரித்தார்.

இருந்தாலும் மறுநாள் அக்காவும் தங்கையுமாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் குறி வரைக்கும் இருந்தது. நான்கு சக்கரங்களுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துத் தேடினார், எங்கும் கசிவில்லை. கடைசியில் உள்ளே உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஓங்கி மிதித்தார். கல்லு மாதிரி நின்றது. அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

தங்கைக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஜன்னலருகே குனிந்தாள்.

“அப்படி மிதிக்காதீங்கண்ணா. சிக்னல்ல நிக்கிற மாதிரி லேசா காலை வச்சுட்டு அப்படியே இருங்க.”

அவர் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய முழங்கால் மெல்ல நீண்டது. பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார், மறுபடியும் இறங்கியது. காரை விட்டு வெளியே வந்து, அக்காவை உட்கார்ந்து மிதித்துப் பார்க்கச் சொன்னார். அவள் காலுக்கடியிலும் பெடல் மெல்ல இறங்கியது.

மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக். ஓங்கி மிதித்தால் அது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லேசாக மிதித்தால் ஆயில் அதைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே நழுவும். வெளியே ஒரு சொட்டு வராது.

“ஓங்கி மிதிக்கிறவங்களுக்கு இது சீக்கிரம் தெரியாது. சிலிண்டரை மாத்தாம வண்டியை வெளிய எடுக்காதீங்க.”

அன்று காலையில்கூட அக்கா பிள்ளைகளை அந்த வண்டியில்தான் பள்ளியில் விட்டிருந்தாள். இருக்கையை விட்டு எழாமலே கணவருக்குப் போன் போட்டாள். வண்டி இன்றைக்கு வராது, பிள்ளைகளை நீங்களே அழைத்து வந்துவிடுங்கள் என்றாள். மறுமுனையில் அவர் கேலியாக ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“இல்லைங்க, தப்பு அவ மேல இல்ல. பிரேக்குதான் போயிருக்கு. நான் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க.”

தங்கை டயரைப் பார்ப்பதுபோல் நின்றாள். காது மட்டும் போனிலேயே இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அக்கா அவளை அதில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.