கரவனுக்கு வெளியே ஒரு பைப்

சவப்பெட்டியின் கால்மாடு வாசலைத் தாண்டியதும், வாசலோரம் நின்ற கரவனில் போய் முட்டியது.

“பொறுங்கோ, பொறுங்கோ. சரிச்சுப் பிடியுங்கோ,” என்றார் தியாகராஜா. இறந்தவருக்கு மூத்த தமையன். கல்யாணவீடு என்றாலும் செத்தவீடு என்றாலும் நடுவில் நின்று கை காட்டுவதற்கென்றே பிறந்தவர். “எட்டு வருஷமாத் தலைப்பாடாச் சொன்னனான், உதை இழுத்தெறியடா எண்டு. கேட்டவனே? இப்பப் பார், அவன்ரை பெட்டிக்கே குறுக்க நிக்குது.”

தவநாயகி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்ற பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். அவள் கண் புருஷன் பாலேந்திராவின் பெட்டியில் இல்லை. கரவனின் மூலையில் இருந்தது. இடிபட்ட இடத்தில் வெள்ளைப் பெயின்ற் ஒரு காசளவுக்கு உரிந்திருந்தது. நத்தார் லீவில் அவர் இரண்டாம் தரம் அடித்த பெயின்ற் அது.

மகன் ரமணன் கொள்ளிச்சட்டியோடு முன்னே போனான். பெட்டி சரிந்து, நிமிர்ந்து, காரில் ஏறியது. பெண்கள் படலையோடு நின்றுவிட வேண்டும் என்பது தியாகராஜாவின் உத்தரவு. லண்டனில் இப்போது எத்தனையோ பெண்கள் எரிக்கிற இடம் வரைக்கும் போய் வருகிறார்கள்தான். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். தவநாயகி மறுத்துப் பேசவில்லை. பேசிப் பழக்கமில்லாதவள் என்று தெரு அவளுக்கு எப்போதோ பட்டம் கொடுத்திருந்தது.

காரில் ஏறுமுன் தியாகராஜா திரும்பி வந்து அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அதாவது அரைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி, சொன்னார்: “தங்கச்சி, நாலு மணிக்கு ஸ்கிராப்காரன் வருவான். கதைச்சு வைச்சிட்டன். அதுக்குள்ள உள்ளுக்குக் கிடக்கிற சாமானுகளை எடுத்துப்போடு. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு ஆக்கள் வந்துபோற வீடு. உது நிண்டால் மரியாதையில்லை.”

அவள் தலையை ஆட்டினாள். ஆமென்றா இல்லையென்றா என்று அவர் பார்க்கவில்லை.

மனோர் பார்க்கில் அந்தக் கரவனைத் தெரியாத தமிழர் இல்லை. முருகன் கோயிலுக்கு வழி கேட்கிறவர்களுக்கு “கரவன் வீட்டடியில திரும்புங்கோ” என்று சொல்லும் அளவுக்கு அது பேர்பெற்ற பொருள். வரிசை வீடுகளில் பாலேந்திராவின் வீடு கடைசி. பக்கத்தில் கொஞ்சம் சிமெந்துத் தரை இருந்தது. காரில் கொழுவி இழுத்துப்போகிற அந்தச் சின்ன வண்டிவீட்டை எண்பத்தாறில் றொம்ஃபோர்ட்டில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரனிடம் வாங்கி வந்து அங்கே நிறுத்தினார். இரண்டு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு படுக்கலாம். “கோடைக்குக் கடற்கரைக்குப் போறம்,” என்று எல்லோருக்கும் சொன்னார்.

கோடைகள் வந்து போயின, கரவன் போகவில்லை. முதலில் கூரை ஒழுகியது; அதை அடைத்தார். பிறகு குளிர் என்று சுவரைக் கழற்றி உள்ளே ரெஜிபோம் அட்டை வைத்தார். தாளிக்கிற புகை போகாது என்று அடுப்புக்கு மேலே தகரத்தை வெட்டிப் புகைப்போக்கி வைத்தார். அந்த ஓட்டையால் மறுபடி கூரை ஒழுகியது. இரவில் தபால் பிரிக்கிற வேலை, விடிந்தால் கரவன். படுக்கையை மடிக்கிற மாதிரி மாற்றினார். மடித்த படுக்கை மறுபடி விரிய ஒரு மாதம் எடுத்தது. ஒரு வருஷம் கதவைக் கழற்றி எதிர்ப்பக்கமாகத் திறக்க வைத்தார். அதிலிருந்து அது ஏறுகிற ஆள் ஒவ்வொருவரின் நெற்றியிலும் ஒரு போடு போட்டு வரவேற்றது. தியாகராஜா ஒரே ஒரு முறைதான் ஏறினார். அந்த வீக்கத்தோடு ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிய பகிடி வெளியே வைத்த பைப். கரவனுக்கு வெளிச்சுவரில், கதவுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். உலகத்தில் எவனாவது வாகனத்துக்கு வெளியே பைப் வைப்பானா? “மாடு குளிப்பாட்டப் போறார்,” என்றார்கள். “சுடுதண்ணியும் வரும்,” என்று பாலேந்திரா சொன்னபோது அவருக்கு முன்னாலேயே சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவரில் ஒரு கோளாறு.

அந்தப் பைப் யாருக்காக என்று தெருவுக்குத் தெரியாது. கரவன் வந்த அன்று தவநாயகி சொன்னது ஒன்றே ஒன்று: “கடற்கரை மணல் காலோட உள்ளுக்கு ஏற விடமாட்டன், சொல்லிப்போட்டன்.”

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர் கரவனுக்குக் கீழே படுத்துக் கிடந்தபடியே போய்விட்டார். நெஞ்சு. எதிர்வீட்டு அருமைநாயகி இரண்டு தரம் அந்த வழியால் நடந்தவ. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் கண்டவ. எட்டு வருஷமாகப் பார்க்கிற கால்கள். முதல் தரம், “என்ன பாலேந்திரா, இந்தக் கோடைக்காவது ஓடுமோ?” என்று கேட்டுவிட்டு வேறு போயிருக்கிறா. பதில் வராததற்கு வீட்டில் போய்க் குறையும் சொல்லியிருக்கிறா. இந்தக் கதையை அவ இந்த நாலு நாளும் எல்லோருக்கும் சொன்னா, கடைசி வரியைத் தவிர.

வீடு கழுவுகிற வேலை முடிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக முழுகினார்கள். மூன்றாவது ஆளோடு பொயிலரில் சுடுதண்ணீர் தீர்ந்துபோனது. அருமைநாயகி வாசலில் ஒரு வாளி தண்ணீரும் செம்பும் கொண்டுவந்து வைத்தா. ஆண்கள் எரித்துவிட்டு வந்தால் கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. குளியலறையோ மேல்மாடியில், வீட்டுக்குள் நுழைந்துதான் அங்கே போகலாம். மாசி மாதம். வெளியே பனிமழை தூறிக்கொண்டிருந்தது. வாளித் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்த அருமைநாயகி விரலைச் சேலையில் துடைத்தா.

“நாப்பது பேர் வருவினம். இந்தத் தண்ணியில காலை வைச்சால் இன்னும் ரெண்டு பெட்டி வேணும்.”

தவநாயகி ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு, சாமான்களை எடுக்கக் கரவனுக்குப் போனாள். கதவு நெற்றியில் ஒரு போடு போட்டது. பழக்கத்தில் குனிய மறந்திருக்கிறாள். இவ்வளவு காலமும் அவர்தான் உள்ளேயிருந்து “தலை, தலை” என்று சொல்வார்.

உள்ளே அவருடைய பிளாஸ்க், மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கம் கருகிய ரொட்டித் துண்டு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் பெட்டி. சின்னக் கண்ணாடித் துவாரத்துக்குள் இருட்டாக இருந்தது. அவள் பையைக் கீழே வைத்தாள்.

“தவம், அமத்திப் பிடி.” கரவனுக்கு அடியிலிருந்து அவர் கத்துவார். அவள் கறுப்புக் குமிழை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “இப்ப நெருப்பைக் காட்டு. பத்தேல்லையோ? வலப்பக்கம் ஒரு குட்டு வை.” புட்டு அடுப்பில் இருக்க, சோறு கருக, எத்தனை சனிக்கிழமை. ஒருநாளும் அது பத்தவில்லை.

அவள் காஸ் சிலிண்டரைத் திறந்தாள். குமிழை அமத்திப் பிடித்து நெருப்புக் குச்சியைக் காட்டினாள். இல்லை. வலப்பக்கம் ஒரு குட்டு வைத்தாள். இல்லை. இன்னுமொரு குச்சி. இந்த முறை குட்டு கொஞ்சம் பலமாக விழுந்தது. நாலு நாளாக யாருக்கும் வைக்காத குட்டு. துவாரத்துக்குள் நீலமாக ஒன்று நிமிர்ந்து நின்றது.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” அருமைநாயகி கதவடியில் நின்றா. தலை மட்டும் உள்ளே வந்தது. கதவைப் பற்றி அவவுக்குத் தெரியும். “செத்தவீட்டில அடுப்பு மூட்டக் கூடாதெல்லோ. நான்தான் சோறு கொண்டு வாறன் எண்டனான்.”

“இது வீடில்லை, அக்கா.”

“பின்ன?”

“வாகனம். ஆள் குடியிருக்கிற வீடு எண்டு ஆரோ பெட்டிசம் போட்டு, கவுன்சில்காரன் வந்து பாத்திட்டு, வாகனம் எண்டு எழுதித் தந்திட்டுப் போனவன். உங்களுக்கு ஞாபகமிருக்குமே.”

பெட்டிசம் போட்டது யார் என்பது தெருவுக்கே தெரிந்த இரகசியம். அருமைநாயகி சேலைத் தலைப்பைச் சரி செய்தா. பிறகு கேட்டா: “தண்ணி எதுக்குள்ள ஊத்திறது?”

“அந்த நீல பீப்பாக்குள்ள. குசினிப் பைப்பில ஹோஸைக் கொழுவி இழுத்து வாங்கோ.”

அவ போனா. அருமைநாயகி ஒருவர் சொல்லி ஒரு வேலையை வாய் திறக்காமல் செய்ததைத் தெரு அன்றுதான் கண்டது.

ஆண்கள் வந்து இறங்கும்போது மழை நன்றாகப் பிடித்திருந்தது. முதலில் தியாகராஜா. சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, வாளியைத் தேடினார்.

“வாளி இல்லை, பெரியத்தான். அந்தப் பைப்பில கழுவுங்கோ,” என்றாள் தவநாயகி.

அவர் பைப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்பது பேர் பின்னால் நிற்க, சிமெந்தில் வெறுங்காலோடு வாதாடுகிற நிலைமையில் அவர் இல்லை. திறந்தார். உள்ளே பம்ப் “கர்ர்” என்று கனைத்தது. பைப் இரண்டு தரம் துப்பியது. அவருடைய வேட்டி முழங்கால் வரை நனைந்தது. யாரோ பின்னால் சிரிப்பை விழுங்கினார்கள். பிறகு தண்ணீர் வந்தது. அதோடு ஆவி வந்தது.

தியாகராஜா ஒரு காலை வைத்தார். எடுக்கவில்லை. மற்றக் காலையும் வைத்தார். அவருடைய முகம், காலையிலிருந்து இழுத்துக் கட்டியிருந்த முகம், மெல்ல அவிழ்ந்தது.

“சுடுதண்ணி,” என்றார். யாருக்கும் சொல்லவில்லை.

“அண்ணை, கழுவினது காணும், எங்களுக்கும் விடுங்கோ,” என்றது வரிசை.

வரிசை படலை தாண்டி அருமைநாயகியின் வீட்டு வாசல் வரை நீண்டது. மாடு குளிப்பாட்டப் போகிறார் என்றவர்கள், கரவன் ஓடாது என்று பந்தயம் கட்டியவர்கள், எல்லோரும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் முறைக்கு நின்றார்கள். ஒருவர் குனிந்து குழாய் எங்கே போகிறது என்று பார்த்தார். இன்னொருவர் அழுக்குத் தண்ணீர் காலடியில் தேங்காமல் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தார். கீழே தண்ணீர் வழிந்தோட ஒரு சின்னப் பீலி இருந்தது. அந்தப் பீலியைப் பூட்டும்போதுதான் பாலேந்திரா போனார். ஒரு ஆணியைத் தவிர மற்றதெல்லாம் பூட்டியிருந்தது. ஐயர்கூடத் தட்சணைப் பையைக் கமக்கட்டில் செருகிக்கொண்டு இரண்டாம் தரம் கழுவ வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்கிராப்காரனின் லொறி வந்து நின்றது. பெரிய உடம்புக்காரன், வெறுங்காலோடு நிற்கிற நாற்பது தமிழரைக் கண்டு தொப்பியைக் கழற்றினான். இதுதானா சாமான் என்று கேட்டான். தியாகராஜா லொறிச் சங்கிலிக்கு வழி விடச் சொல்லிக் கையைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது. வரிசையில் இன்னும் பாதிப்பேர் இருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

தவநாயகி படியால் இறங்கி வந்தாள். அவளுடைய இங்கிலிஷ் கடைக்குப் போதுமான இங்கிலிஷ். “ஸாரி. நொட் ஸ்கிராப்,” என்றாள். பைப்பைக் காட்டினாள். “மை ஹஸ்பண்ட் மேட்.”

அவன் வந்து தண்ணீரின் கீழே கையைப் பிடித்தான். குளிரில் இறைச்சி நிறத்துக்குப் போயிருந்த பெரிய கை. வெகுநேரம் பிடித்திருந்தான். பிறகு உள்ளே எட்டிப் பார்க்கப் போனான், “தலை, தலை!” என்று நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவனுக்கு விளங்கவில்லை. கதவுக்கு வேண்டியது கிடைத்தது. நெற்றியைத் தடவிக்கொண்டு உள்ளேயிருந்ததையெல்லாம் பார்த்து வந்தவன், இதை எறிகிறவனுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறிப் போனான்.

தியாகராஜாவுக்குத் தான் தோற்றது பிடிக்காது. தோற்ற இடத்திலிருந்தே கை காட்டத் தொடங்குவது அவர் வழக்கம். “நானும் யோசிச்சனான்,” என்றார், காலைத் துடைத்துக்கொண்டே. “நாளைக்குச் சாம்பல் கரைக்கச் சவுத்தெண்டுக்குப் போறம். கடற்கரையில இந்தக் குளிருக்கு எங்க கால் கழுவிறது? ரமணன், உன்ரை அப்பான்ரை காரில கொழுவி இதையும் இழுத்துக்கொண்டு வா.”

“ஓம் பெரியப்பா. ஆனா அந்தச் சுடுதண்ணிப் பெட்டியின்ரை பைலட் நெருப்பை எப்பிடிப் பத்த வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது.” தியாகராஜா வரிசையைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியாது.

“நான் வாறன்,” என்றாள் தவநாயகி.

பெண்கள் வருவதில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். காலில் இன்னும் சூடு இருந்தது. வாயை மூடினார். “கோட்டுப் போட்டுக்கொண்டு வா. காத்துக் கடுமை,” என்றார்.

விடிந்தபோது மழை விட்டிருக்கவில்லை. ரமணன் காரை மெல்ல எடுத்தான். தெரு முழுவதும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றது. அருமைநாயகி விலக்காமல் நேரே வாசலுக்கே வந்துவிட்டா. கரவன் ஒரு முறை முனகியது. ஒரு சில்லு உருள மறுத்து ஒட்டிக்கொண்டது, பிறகு விட்டுக்கொடுத்தது. அசைந்தது. படலை தாண்டியது. தெருவில் இறங்கியது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ கை தட்டினார்கள். செத்தவீடு என்று நினைவு வந்து நிறுத்தினார்கள்.

அது நின்ற இடத்தில், நனைந்த சிமெந்தின் நடுவே, நீள்சதுரமாக ஒரு காய்ந்த தரை. அதன் ஓரத்தில் ஒரு ஸ்பனர் கிடந்தது. ஐந்து நாளாக ஒருவரும் தேடாத ஸ்பனர்.

தவநாயகி காரிலிருந்து இறங்கி வந்து அதை எடுத்தாள். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். முன் சீற்றில் ஏறி, கதவைச் சாத்தினாள். காய்ந்த தரையில் மழை புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியது.